கலுங்கில் ஒரு சாண் மண்

சிவகங்கைச் சீமையில் ஐப்பசி பிறந்துவிட்டால், வழியில் எதிர்ப்படுகிறவரிடம் மழை எப்படி என்று விசாரிப்பது குறைவு. “மறுகால் பாயுதா?” என்பதுதான் கேள்வி. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியே வெளியேறத் தொடங்கினால் அந்த வருஷத்துச் சோற்றுக்குக் கவலையில்லை. ஊர் திரண்டு போய்க் கலுங்கடியில் நின்று பார்க்கும். சில ஊர்களில் கிடா வெட்டுவதும் உண்டு. பாசனப் பிரிவு அலுவலராக அந்தப் பக்கத்துக் கண்மாய்களோடு வேலைக்காலத்தைக் கழித்த எனக்கு, அதே சேதி வந்தால் தூக்கம் போய்விடும். அதற்குப் பிறகு வருகிற தண்ணீர் முழுவதும் கலுங்கு வழியாகப் போயாக வேண்டும். போக முடியாத தண்ணீர் கரை மேல் ஏறும். ஏறிய தண்ணீர் வெளிச்சரிவில் இறங்கும்போது முதலில் சின்னதாக ஒரு கீறல் விழும். கீறல் பள்ளமாகும். பள்ளம் கரையின் தலையைத் தின்றுகொண்டே தண்ணீர் நிற்கும் உள்வாய்ப் பக்கம் நகரும். அந்தக் கட்டத்தில் மண்மூட்டை போடுவதெல்லாம் மனசுக்குச் சமாதானம், அவ்வளவுதான்.

கண்மாய் அளவில் சின்னதானாலும் அதுவும் ஒரு மண் அணைதான். சரிந்து போகும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வளைத்துப் போட்ட கரை, மேட்டுப் பக்கம் கரையில்லாமல் விரிந்து கிடக்கும் உள்வாய், பாசனத்துக்கு மடை, மிச்சத்துக்குக் கலுங்கு. கரை உயரம் பெரும்பாலும் பத்தடி, பதினைந்தடி. நீளம் மட்டும் மைல் கணக்கில் போகும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று இராமநாதபுரம் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்து 39,000-க்கு மேல் இருக்கின்றன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை முன்பு பொதுப்பணித் துறை வசம் இருந்தன, இப்போது நீர்வளத் துறை வசம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்தவை.

2021இல் மத்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான் அது பொருந்தும். நம் கண்மாய்க் கரைகளில் அந்த உயரத்தை எட்டுவது அபூர்வம். ஆகவே சட்டத்தின் கண்ணில் அவை அணையே இல்லை. அபாயச் சங்கும் கிடையாது, கசிவை அளக்கிற கருவியும் கிடையாது. கரையில் நடந்து போய்ப் பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தால் உண்டு.

அந்த ஆள் நீர்க்கட்டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லூரிப் புத்தகம். கரை விஷயத்தில் நான் பாடம் கேட்டது நீர்க்கட்டிகளிடம்தான். செங்கல்பட்டுப் பக்கம் இதே வேலைக்குக் கம்புகட்டி என்று பெயர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு விடுவது, இரவில் கரை சுற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. கூலி ஊரார் களத்தில் அளக்கிற நெல். ஆயக்கட்டில் அவருக்குச் சொந்த நிலம் இருக்காது. அதனால்தான் தண்ணீர் பங்கிடும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள் என்று ஒரு ஊர்ப் பெரியவர் எனக்கு விளக்கினார். யோசித்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் நிலமில்லாதவர் சொல்லை நிலமுள்ளவர்கள் எவ்வளவு தூரம் கேட்பார்கள் என்பதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சர்க்கார் ரயத்துவாரிப் பகுதிகளில் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி, ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு ‘மெமாயர்’ எழுதி வைத்தார்கள். நீர்ப்பிடிப்பு எவ்வளவு, முழு நீர் மட்டம் என்ன, மடையின் அடிமட்டம் என்ன, கலுங்கு எத்தனை அடி, கரைத்தலை எந்த உயரம் என்று அதில் எல்லாம் இருக்கும். சிவகங்கையும் இராமநாதபுரமும் ஜமீன்கள். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்தக் கண்மாய்கள் அரசு கைக்கு வந்தன. இன்றைக்கும் அலுவலகக் கோப்புகளில் ‘எக்ஸ் ஜமீன் கண்மாய்’ என்றுதான் எழுதுகிறார்கள். மராமத்தில்லாமல் கிடந்தவற்றை வாங்கி, அளந்து, கரைக்கும் கலுங்குக்கும் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார்கள் எங்களுக்கு முந்திய தலைமுறைப் பொறியாளர்கள்.

கலுங்குக் கணக்குக்கு நாங்கள் நம்பியது ரைவ்ஸ் சூத்திரம். 1884இல் தென்னிந்திய ஏரிகளை மனத்தில் வைத்து வகுத்தது. நீர்ப்பிடிப்பின் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, இடத்துக்குத் தக்க ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் 6.8, அதற்கு அப்பால் 160 வரை 8.5, மலையடிவாரம் என்றால் சுமார் 10. பத்துச் சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள ஒரு கண்மாய்க்கு விநாடிக்கு ஏறத்தாழ 1,100 கன அடி வெள்ளம் வரும் என்று கணக்கு சொல்லும். அது கலுங்கு மேல் இரண்டடி உயரத்துக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 40 மீட்டர் நீளத்துக்குக் கலுங்கு வேண்டும். அந்த இரண்டடிக்கு மேலே அலையடிக்கும் காற்றுக்குமாக இன்னும் கொஞ்சம் உயரம் விட்டுக் கரைத்தலை.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கலுங்கைத் தாண்டுகிற தண்ணீரின் அளவு, அதன் உயரத்துக்கு நேர்விகிதத்தில் குறையாது. உயரத்தின் ஒன்றரை அடுக்கில் குறையும். இரண்டடி போக வேண்டிய கலுங்கில் யாரோ ஒரு சாண் மண் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 அங்குலத்தில் 9 போய் 15 மீதி. எட்டில் ஐந்து பங்கு போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போட்டுப் பார்த்தால் பாதிதான் போகும். கரை உயரம் மாறவில்லை, கலுங்கின் நீளமும் மாறவில்லை. ஒரு சாண் மண்ணில் பாதிக் கலுங்கு காணாமல் போய்விடுகிறது.

இதை விவசாயிகளிடம் சொல்லாத வருஷம் இல்லை. அவர்களுக்கு அவர்கள் கணக்கு. ஒரு முறை கலுங்கின் மேலேயே நின்றுகொண்டு ஒருவர் கேட்டார்: “ஒரு சாண்தானே சார்? அந்த ஒரு சாண்தான் எங்களுக்குக் கடைசித் தண்ணி.” அவர் சொன்னதைப் பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கண்மாய் அகலமாக விரிவது மேல்மட்டத்தில்தான். 100 ஏக்கர் பரந்து நிற்கும் தண்ணீரில் ஒரு சாண் என்றால் 75 ஏக்கர்-அடி. ஒரு நனைப்புக்கு மூன்று அங்குலம் என்று வைத்தால் 300 ஏக்கருக்கு ஆகும். வெயிலுக்கும் வாய்க்கால் கசிவுக்கும் பாதி போனாலும் 150 ஏக்கர் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் பிழைத்துக்கொள்ளும். பதராகப் போகிற கதிரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனிடம் அடுக்குக் கணக்குப் பேசுவது சுலபமில்லை. சின்ன அணைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற புத்தகங்களில் நான் காணாத விஷயம் இது. கரையை உடைக்கிற மண்ணும் பயிரைக் காக்கிற மண்ணும் ஒரே மண்.

முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். பலர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து இனிப் பெரிய வரத்து இல்லை என்று ஆன பிறகு, அந்தக் கற்களுக்கு இடையில் புல்கட்டியும் மண்ணும் வைத்து அடைத்து, கடைசியாக வருகிற தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்ளலாம். வெள்ளம் வந்தால் கையால் தட்டிவிடலாம். வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்த பிறகு செய்ய வேண்டிய காரியம் அது. மழை பொய்த்துவிடுமோ என்கிற பயத்தில் ஐப்பசியிலேயே அடைப்பதுதான் சிக்கல். அதிலும் இப்போது புல்கட்டிக்குப் பதிலாக சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பி, சில இடங்களில் கான்கிரீட்டே போட்டு உயர்த்திவிடுகிறார்கள். அதைத் தட்டிவிட எந்தக் கையாலும் ஆகாது.

கலுங்கில் கண் வைத்திருப்பவர்கள் ஆயக்கட்டுக்காரர்கள் மட்டுமில்லை. மீன் குத்தகை எடுத்தவர் குஞ்சு விட்டிருப்பார். மறுகால் பாய்ந்தால் மீன் அத்தனையும் அடுத்த ஊர்க் கண்மாய்க்குக் குடிபோய்விடும் என்று கலுங்குக்குக் குறுக்கே கம்பு நட்டு வலை கட்டுவார். வெள்ளத்தில் வருகிற கருவேல முள்ளும் ஆகாயத்தாமரையும் செத்தையும் அந்த வலையில் அடைந்து, ஒரே இரவில் கலுங்கு முழுச் சுவராகிவிடும். ஒரு சாண் மண்ணைவிட எனக்கு அதிகப் பயம் இந்த வலையில்தான். எதிர்ப்பக்கம் உள்வாயில் பட்டா வைத்திருப்பவர்கள். தண்ணீர் ஏறினால் அவர்கள் வயல் முழுகும். ஆயக்கட்டுக்காரர் ராத்திரியில் வந்து கலுங்கை உயர்த்துவார், உள்வாய்க்காரர் ராத்திரியில் வந்து கலுங்கை உடைப்பார், கோபம் முற்றினால் கரையையே வெட்டுவார். இரண்டு தரப்பும் காலையில் என் அலுவலகத் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரம் கொடுத்தது. நடுராத்திரியில் கலுங்கடியில் யார் பேச்சு செல்லும் என்பதற்கு அதில் விடை இல்லை.

ஒரு கார்த்திகை இரவைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் விடாத மழை. எங்கள் நீர்க்கட்டி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். “நடுமடைக்குப் பின்னால புதுசா ஊத்து கெளம்பியிருக்கு சார். கையில ஏந்திப் பாத்தேன். கலங்கல்.”

கரையில் கசிவே இருக்கக் கூடாது என்று நினைப்பது புதியவர்களின் எண்ணம். மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். கரைக்குள் தண்ணீர் ஒரு சரிவில் இறங்கிப் போகும். களிமண்ணாக இருந்தால் ஓரடி இறங்குவதற்குள் நாலடி தூரம் நகரும், மணல் கலந்த மண்ணானால் ஆறடி. பத்தடித் தண்ணீர் நிற்கிற இடத்தில் கரையின் அடி அகலம் அதற்கேற்ப இருந்து, அந்தக் கோட்டுக்கு மேலே மூன்றடி மண்ணும் மூடியிருந்தால் கரை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெளிச்சரிவை ஒட்டி வயல் வைத்திருப்பவர் வருஷம் ஒரு முழம் கரையை உழுது தள்ளிக்கொண்டே போனால், ஒருநாள் அந்தக் கோடு வெளியே தலை நீட்டும். நீர்க்கட்டி இதைச் சூத்திரம் இல்லாமலே அறிந்தவர். “தெளிஞ்சு வந்தா கண்மாய் வேர்க்குதுன்னு அர்த்தம் சார், கலங்கி வந்தா கரை கரையுதுன்னு அர்த்தம்” என்பார். கலங்கல் என்றால் தண்ணீர் தன்னோடு மண்ணையும் எடுத்து வருகிறது. வெளியே தொடங்குகிற சின்னத் துவாரம் மண்ணை இழந்து இழந்து உள்பக்கமாக நீண்டு, கடைசியில் கண்மாய்த் தண்ணீரைத் தொடும். அமெரிக்காவில் 1976 ஜூன் 5 அன்று டீட்டன் என்ற புத்தம் புதிய பெரிய மண் அணை, முதல் முறை நிரம்பிக்கொண்டிருக்கும்போதே இப்படித்தான் காலையில் கசிந்து மதியத்துக்குள் போனது.

மடையை ஒட்டி ஊற்று என்றால் கூடுதல் கலக்கம். கரை உடைகிற இடம் பெரும்பாலும் மண்ணும் கட்டடமும் சேர்கிற இடம். கரைக்கு அடியில் போகிற தூம்பின் சுவரை ஒட்டி மண் சரியாகப் படிந்திருக்காது. அந்த இடுக்கில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஊர் இளவட்டங்கள் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் கூடை கூடையாகக் களிமண்ணைக் கொண்டுவந்து ஊற்றின் வாயில் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வெளியே வாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும், பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். நீர்க்கட்டி அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “உள்ள அடைக்கணும்டா, வெளியில வடிக்கணும்!” களிமண்ணை அள்ளி எறியச் சொன்னோம். ஊற்றைச் சுற்றி மண்மூட்டையால் வளையம் கட்டி, உள்ளே முதலில் மணல், அதன் மேல் பொடிச் சல்லி, அதன் மேல் பெரிய கல் என்று அடுக்கினோம். தண்ணீர் வெளியேறும், மண் உள்ளேயே தங்கிவிடும். வளையத்துக்குள் தண்ணீர் கொஞ்சம் ஏறி நின்றதும் வேகம் தணிந்தது. அதே நேரத்தில் நீர்க்கட்டி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்வாயில் இறங்கினார். மடைச்சுவர் ஓரமாகக் காலாலேயே துழாவி, இழுக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே வைக்கோலும் சாக்கும் களிமண் உருண்டையுமாகத் திணித்தோம். களிமண்ணுக்கு இடம் அங்கேதான்.

அப்போதும் ஊற்று தெளியவில்லை. தண்ணீர் மட்டம் இறங்கினால்தான் ஆகும் என்றேன். கலுங்கில் ஒரு சாணுக்கு மேலேயே மண் வைத்திருந்தார்கள். அந்தப் பழைய மடை அதுவரை அவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கியதே இல்லை. மண்ணை எடுங்கள் என்றதும் கரையில் நின்ற கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. “விடியட்டும் சார், பாத்துக்கலாம்” என்றார் ஊர்த் தலைவரான அம்பலம். நான் பதில் சொல்வதற்குள் நீர்க்கட்டி மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கலுங்கை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். அவரைத் தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. விடியும்போது நாலு விரற்கடை இறங்கியிருந்தது. ஊற்று தெளிந்துவிட்டது.

சித்திரையில் கண்மாய் வற்றிய பிறகு அந்த மடையைத் தோண்டிப் பார்த்தோம். தூம்புச் சுவரின் ஓரமாக முழங்கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. சுண்ணாம்புக் காரை கரைந்துபோன இடம் ஒன்று, பட்டுப்போன கருவேல வேர் விட்டுச் சென்ற வழி ஒன்று, இரண்டும் சேர்ந்து பாதை போட்டிருந்தன. புதுச் சுவரின் வெளிமுகத்தைச் சற்றே சாய்வாகக் கட்டினோம். மண் இறங்க இறங்கச் சுவரோடு நெருங்கிப் படியும். சுவரை ஒட்டிப் பிசைந்த களியைக் காலால் மிதித்து ஏற்றினோம். எந்திரம் நுழையாத இடுக்கு அது. கோடை வெயிலில் பெண்கள் வரிசையாக நின்று மிதித்தார்கள்.

மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. கரைக்கு மண் வெட்டும் இடத்தில் ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கிப் பார்ப்போம். விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது, உருண்டை உதிரக் கூடாது, கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். அதுதான் மிதிபட ஏற்ற ஈரம். 1933இல் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் இதையே ஆய்வகச் சோதனையாக வகுத்துக் கொடுத்தார். இன்னொன்று, ஒரு டம்ளர் தெளிந்த தண்ணீரில் அந்த மண்ணின் சின்னக் கட்டி ஒன்றைப் போட்டு வைப்பது. கட்டி குலைந்து அடியில் குவிந்தால் பயமில்லை. சுற்றிலும் பால் கலந்த மாதிரி மங்கல் பரவினால் அது உவர் சேர்ந்த மண். பார்க்கக் களிமண்ணாக இருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்தே போகும். அந்த மண்ணில் கரை போட்டால் அடுத்த மழைக்கு அது இருக்காது. டம்ளரும் தண்ணீரும் எந்த டீக்கடையிலும் கிடைக்கும். இருந்தும் இந்தச் சோதனையைச் செய்கிற ஆட்கள் குறைவு.

மண்ணை ஒன்பது அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் கொட்டக் கூடாது. கொட்டி, நனைத்து, ரோலர் ஓட்டி, அதன் மேல்தான் அடுத்த அடுக்கு. இப்போது ஒப்பந்தக்காரர் ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து, கரையடியிலேயே வெட்டிக் கரை மேல் மூன்றடி உயரத்துக்குக் கொட்டி, வாளியின் முதுகால் தடவிவிடுகிறார். போட்டோவுக்கு அருமையாக இருக்கும். அந்தக் கரை முதல் மழையில் ஓரடி உட்காரும். கரையடியில் வெட்டிய பள்ளம் உள்வாயில் தண்ணீரைக் கரைக்கு இன்னும் நெருக்கமாக, இன்னும் ஆழமாகக் கொண்டுவந்து நிறுத்தும். வண்டல் அள்ள விவசாயிகளுக்கு அனுமதி கொடுத்தது நல்ல காரியம். கரையைவிட்டுத் தள்ளி அள்ளச் சொல்லிப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். பழைய உடைப்பை அடைக்கிற இடத்தில் இரு பக்கத்துப் பழைய கரையையும் படிப்படியாக வெட்டி, அந்தப் படிகளில் புது மண் உட்காரும்படி இணைக்க வேண்டும். அப்படிச் செய்யாத உடைப்பு அதே இடத்தில் மறுபடி உடையும். ஊரில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் எந்த இடம் எத்தனை முறை உடைந்தது என்று காட்டுவார்.

2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சின்ன மண் அணை உடைந்து ஏறத்தாழ இருபது உயிர்கள் போயின. கட்டி இருபது வருஷம்கூட ஆகாத அணை. நண்டுகள் வளை தோண்டியதால் உடைந்தது என்று அமைச்சர் ஒருவர் சொல்லப்போக, நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நண்டும் எலியும் கரையைத் துளைப்பது எங்கள் தொழிலில் அன்றாடச் செய்தி. ஆனால் நண்டு வளை ராத்திரியோடு ராத்திரியாகக் கரையை உடைப்பதில்லை. ஊரார் கசிவைப் பற்றி முன்பே புகார் சொல்லியிருந்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. நண்டு தோண்டியிருந்தாலும், போய்ப் பார்த்து அடைக்க ஆள் இல்லாமல் போனதுதான் கேள்வி.

கரையில் மரம் வைக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பனை விதையைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து ஊன்றுகிறார்கள். துறையின் விதி கரையில் மரமே கூடாது என்கிறது. என் அபிப்பிராயம் நடுவில். பனைக்குச் சல்லிவேர், மண்ணைப் பிடிக்கும். வெளிச்சரிவின் அடியில், மடைக்கும் கலுங்குக்கும் எட்ட, இருந்துவிட்டுப் போகட்டும். சீமைக் கருவேலம் வேறு சங்கதி. அது கரை முழுக்க வேரோடும். அதைவிட மோசம், ஜே.சி.பி. வைத்துத் தூரோடு பிடுங்கிவிட்டுக் குழியை மிதிக்காமல் மூடுவது. முள் அடர்ந்த கரையில் இன்னொரு தொல்லை, ஆள் நடந்து பார்க்க முடியாது. பார்க்க முடியாத கரையில் எது நடந்தாலும் உடைந்த பிறகுதான் தெரியும். மடையடியில் கருப்பர் கோயில் உள்ள கண்மாய்களில் அந்த இடத்துக் கரை மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும். யாரும் அங்கே மண் அள்ளத் துணிய மாட்டார்கள், படையலுக்கு வருகிறவர்கள் நடந்து நடந்தே கரை இறுகியிருக்கும். எனக்குக் கருப்பர் மேல் பக்தி வந்தது இந்த வழியில்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிப் பக்கம் குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. அப்போது நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். ரைவ்ஸ் எண்ணிப் பார்க்காத மழை அது. சங்கிலியாகத் தொடரும் கண்மாய்களில் மேலே ஒன்று உடைந்தால், அதன் தண்ணீர் மொத்தமும் கீழுள்ளதன் கலுங்குக்கு ஒரே நேரத்தில் வரும். அதற்கு எந்தக் கலுங்கும் போதாது. அப்படியொரு இரவில் பொறியாளரிடம் மிஞ்சுவது ஒரே ஒரு முடிவு, கரையை எங்கே உடைய விடுவது என்பது. 2022 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தில் காரம் என்ற மண் அணை கசியத் தொடங்கியபோது, ஊர்களைக் காலி செய்துவிட்டு, பக்கவாட்டில் கால் வெட்டித் தண்ணீரை இறக்கினார்கள். உயிர்ச்சேதமில்லை. நம் பழைய ஆட்களும் கரை குட்டையாக, தரை இறுகலாக இருக்கிற கலுங்கோரக் கடைசியில்தான் வெட்டுவார்கள், ஆழமான நடுக்கரையில் கை வைக்க மாட்டார்கள். கலுங்கோரத்தில் வெட்டினால் வெட்டு அகலமாகும், ஆனால் கண்மாய் முழுக்க ஒரே மூச்சில் காலியாகாது. ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கார்த்திகை இரவுக்குப் பிறகு ஊர் அய்யனார் கோயிலில் கூடியது. ஆயக்கட்டுக்காரர், உள்வாய்க்காரர், மீன் குத்தகைக்காரர் மூன்று தரப்பும். தை பிறக்கும் முன் கலுங்கில் மண் வைப்பதில்லை, வைத்தாலும் கல்லில் போட்ட சிவப்புக் கோட்டுக்கு மேல் போவதில்லை, மறுகால் பாயும்போது வலை கூடாது, மண்ணை எடு என்று நீர்க்கட்டி சொன்னால் யாரையும் கேட்காமல் எடுக்கலாம் என்று பேசி முடித்தார்கள். சில வருஷம் அது நின்றது. அந்த நீர்க்கட்டி காலமானதும் அவர் பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். களத்தில் நெல் அளக்கிற வழக்கமும் அதோடு நின்றது. போன மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஊர்க்காரர்கள் சொன்னார்கள், கலுங்கை இடித்துவிட்டு இரும்பு ஷட்டர் வைக்க எஸ்டிமேட் போயிருக்கிறதாம். நல்லதுதான். ஷட்டரைத் திருகித் திறக்கிற சாவி யார் கையில் இருக்கும் என்று கேட்டேன். அதை இன்னும் பேசவில்லை என்றார்கள்.